சங்க விதியில் ‘மே’ என்று இருந்தால் செயலாளர் கூட்டம் கூட்டியே ஆக வேண்டுமா? – ‘மே’, ‘ஷல்’ வேறுபாடு

மாடிப்படி

வணக்கம். ஆங்கில இலக்கணம் தெரிந்தவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் கொஞ்சம் உதவ வேண்டும்.

எங்களுடையது 84 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. சங்கத்தின் துணைவிதிகள் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கின்றன. பாதிப் பேருக்குப் புரியவில்லை என்பதால் தமிழில் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. எட்டாவது விதி வரை தொல்லை இல்லை. அது ‘தி செக்ரட்டரி ஷல் கால் தி ஆனுவல் ஜெனரல் மீட்டிங்’ என்று இருக்கிறது. ‘செயலாளர் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும்’ என்று எழுதிவிட்டேன்.

பத்தாவது விதியில்தான் சிக்கல். ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுத்து மூலம் கேட்டால் ‘தி செக்ரட்டரி மே கால்’ ஒரு சிறப்புக் கூட்டம் என்கிறது. லிஃப்ட் பராமரிப்புக் கணக்கைக் கேட்டு 19 பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம். அதாவது ஐந்தில் ஒன்றுக்கும் மேல். செயலாளரோ, “மே-ன்னுதான் போட்டிருக்கு, ஷல்-னு போடலை. இஷ்டம் இருந்தா கூட்டுவேன்” என்கிறார். எதிர் வீட்டுக்காரர், “சட்டத்துல மே-ன்னாலும் ஷல்-தான்” என்கிறார்.

யார் சொல்வது சரி? நான் தமிழில் ‘கூட்டலாம்’ என்று எழுதுவதா, ‘கூட்ட வேண்டும்’ என்று எழுதுவதா? எதை எழுதினாலும் ஒரு கட்சிக்காரன் ஆகிவிடுவேன் போலிருக்கிறது.

குண்டூசி

இதில் என்ன குழப்பம்? பள்ளியிலேயே படித்ததுதான். ‘ஐ’, ‘வி’ வந்தால் ஷல், மற்றதுக்கெல்லாம் வில். ஷல் என்றால் எதிர்காலம். மே என்றால் அனுமதி. செயலாளருக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள், கட்டாயம் இல்லை. முடிந்தது கதை.

இலக்கணப்பித்தன்

கதை முடியவில்லை தம்பி. ‘செக்ரட்டரி ஷல்’ என்பதில் ‘ஐ’யும் இல்லை, ‘வி’யும் இல்லை. உங்கள் விதிப்படி அங்கே ஷல் வரவே கூடாது. ஆனால் வந்திருக்கிறது. அதனால் முதலில் அந்தப் பள்ளி விதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முப்பது வருடம் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

தன்மைக்கு ஷல், முன்னிலைக்கும் படர்க்கைக்கும் வில் என்ற பாகுபாட்டை எழுதி வைத்தவர் ஜான் வாலிஸ். 1653இல் ஆங்கிலத்துக்கு ஓர் இலக்கணம் எழுதினார், அதுவும் லத்தீனில். ஆள் அடிப்படையில் கணித மேதை. முடிவிலிக்கு நாம் போடும் அந்தப் படுத்த எட்டுக் குறியும் அவர் கொடுத்ததுதான். அந்த விதியின் மறுபாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். படர்க்கையில் ஷல் போட்டால் அது வெறும் எதிர்காலம் இல்லை. பேசுபவனின் கட்டளை, வாக்குறுதி அல்லது மிரட்டல். ‘ஹி ஷல் பே’ என்றால் ‘அவன் கட்டுவான்’ இல்லை, ‘கட்டியே தீர வேண்டும்’.

தன்மையிலும் அந்த விதி முழுசாக நிற்பதில்லை. 1940இல் சர்ச்சில் கடற்கரைகளில் போரிடுவோம் என்று பேசியபோது ‘வி ஷல் ஃபைட்’ என்றார். 1942இல் பிலிப்பைன்ஸை விட்டு வந்த அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் ‘ஐ ஷல் ரிட்டர்ன்’ என்றார். இரண்டையும் வெறும் எதிர்காலம் என்று யாராவது சொல்வார்களா? சூளுரை அல்லவா.

வேரைப் பார்த்தால் இது விளங்கும். பழைய ஆங்கிலத்தில் ஷல் என்பதன் முன்னோடிக்கு ‘கடன்பட்டிருக்கிறேன்’ என்று பொருள். ஜெர்மன் மொழியில் கடனுக்கும் குற்றத்துக்கும் இருக்கும் ‘ஷுல்ட்’ என்ற சொல் இதற்கு உறவு. கடன் என்பது கடமை ஆனது, கடமை என்பது இனி நடக்கப்போவது ஆனது. நம் ‘கடன்’ என்ற சொல்லிலும் பணக்கடனும் கடமையும் ஒன்றாகத்தானே கிடக்கின்றன. மே என்பதன் பழைய பொருள் வேறு: ‘வலிமை இருக்கிறது, முடியும்’. ஆற்றலைக் குறிக்கும் ‘மைட்’ என்ற பெயர்ச்சொல் அதன் பங்காளி. ஆக ஒன்று கடனில் பிறந்தது, இன்னொன்று வலிமையில் பிறந்தது.

இலக்கணத்தில் இரண்டும் ஒரே சாதி, துணைவினைகள். படர்க்கை ஒருமைக்கு ‘எஸ்’ ஒட்டாது. ‘ஹி மேஸ்’, ‘ஹி ஷல்ஸ்’ என்று சொல்ல முடியாது. பின்னால் வரும் வினைக்கு முன் ‘டு’ வராது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் போடவும் முடியாது. இறந்தகால வடிவமாக இருந்த ‘ஷுட்’, ‘மைட்’ இரண்டும் இன்று தனிச் சொற்களாகப் பிரிந்து வேறு வேலை பார்க்கின்றன. ‘ஷுட்’ அறிவுரை சொல்கிறது, ‘மைட்’ சந்தேகப்படுகிறது.

குண்டூசி

சரி சார். ஆனால் மே என்றால் அனுமதி என்பது தப்பில்லையே?

இலக்கணப்பித்தன்

தப்பில்லை, பாதிதான். ‘இட் மே ரெய்ன்’ என்றால் மழைக்கு யார் அனுமதி கொடுத்தது? அது வாய்ப்பு. ‘மே காட் பிளெஸ் யூ’ வாழ்த்து. விதிகளில் வரும் மே இன்னொன்று, அது அதிகாரம் கொடுப்பது. அனுமதியும் அதிகாரமும் ஒன்றல்ல. ‘நீ உள்ளே வரலாம்’ என்பது அனுமதி. ‘நீ கூட்டம் கூட்டலாம்’ என்பது, அப்படி நீ கூட்டினால் அது செல்லும், எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்று சொல்வது. நானோ நீங்களோ நாளைக்கே ஒரு நோட்டீஸ் ஒட்டினாலும் அது சங்கக் கூட்டம் ஆகாது. செயலாளர் ஒட்டினால் ஆகும். மே அதைத்தான் அவருக்குத் தருகிறது.

செவ்வந்தி

தமிழ்ப் பக்கமிருந்து ஒரு வார்த்தை. பித்தன் சார் சொன்ன அனுமதி, வாய்ப்பு இரண்டையும் நம் ‘-லாம்’ அப்படியே சுமக்கிறது. ‘உள்ளே வரலாம்’ அனுமதி, ‘மழை வரலாம்’ வாய்ப்பு. ஆனால் கேள்வியில் பாருங்கள், எல்லாம் குறுக்கே ஓடும்.

‘மே ஐ கம் இன்?’ – வரலாமா?
‘ஷல் ஐ ஓபன் தி டோர்?’ – திறக்கட்டுமா?
‘ஷல் வி கோ?’ – போகலாமா?

மூன்றாவதில் ஷல் இருக்கிறது, தமிழில் ‘-லாம்’ வந்துவிட்டது! ஏனென்றால் ‘நாம்’ சேர்ந்தால் ‘-லாம்’ ஒரு அழைப்பாகிவிடுகிறது. வாழ்த்து ‘மே’க்கோ ‘-லாம்’ வராது. ‘கடவுள் காக்கலாம்’ என்று யாரும் வாழ்த்த மாட்டார்கள். ‘காக்கட்டும்’ அல்லது ‘வாழ்க’ என்று வியங்கோளுக்குப் போக வேண்டும். மே = லாம், ஷல் = வேண்டும் என்று அட்டவணை போட்டுக்கொண்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

எதிர்மறையில் மட்டும் தமிழ் ஒரு படி மேலே. ‘மே நாட்’ என்பது ஆங்கிலத்தில் ஒரு பொல்லாத சேர்க்கை. ‘மெம்பர்ஸ் மே நாட் அட்டெண்ட்’ என்றால் உறுப்பினர்கள் வரக்கூடாதா, அல்லது வராமல் போகலாமா? எழுத்தில் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. தமிழில் ‘வரக்கூடாது’ வேறு, ‘வராமல் இருக்கலாம்’ வேறு. ‘வேண்டும்’ என்பதிலும் அப்படித்தான்: ‘வர வேண்டாம்’ என்பது ‘வரக்கூடாது’ என்ற அளவுக்கு இறுக்கம் இல்லை. ‘ஷல் நாட்’ என்று இருக்கும் இடத்தில் ‘வேண்டாம்’ எழுதினால் கட்டளை நைந்துபோகும். ‘கூடாது’ என்றோ, சட்டத் தமிழில் வருவது போல ‘ஆகாது’ என்றோதான் எழுத வேண்டும்.

மாடிப்படி அண்ணா, உங்கள் விதிகளில் ‘மே நாட்’ எங்காவது இருந்தால் முதலில் அதைக் குறித்து வையுங்கள்.

மாடிப்படி

இருக்கிறது! வாடகைக்கு இருப்பவர்கள் ‘மே நாட் வோட்’ என்று ஒரு இடத்தில். ‘வாக்களிக்காமல் இருக்கலாம்’ என்று எழுதப் பார்த்தேன் 😀 நன்றி செவ்வந்தி.

ஆனால் என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. கூட்டியே ஆக வேண்டுமா, இல்லையா?

கறுப்புக்கோட்டு

வழக்கறிஞன் என்ற முறையில் முதலில் ஒன்று: உங்கள் விதிகளை முழுசாகப் பார்க்காமல் தீர்ப்பு சொல்ல மாட்டேன். பொதுவாகச் சொல்கிறேன்.

‘சட்டத்தில் மே என்றாலும் ஷல்தான்’ என்று உங்கள் எதிர் வீட்டுக்காரர் சொல்வது நீதிமன்ற வராந்தாவில் அடிக்கடி காதில் விழும் வசனம். பாதி உண்மை. அதன் தாய் வழக்கு 1880இல், அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் வந்த ஜூலியஸ் எதிர் ஆக்ஸ்ஃபோர்டு பிஷப். ஒரு பாதிரியாரின் வழிபாட்டு முறை பிடிக்காமல் ஜூலியஸ் என்பவர் பிஷப்பிடம் புகார் கொடுத்தார். புகார் வந்தால் பிஷப் விசாரணைக்குழு அமைப்பது ‘சட்டப்படி செல்லும்’ என்ற பொருளில் 1840ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது, அதாவது மே என்பதன் நீட்டிய வடிவம். பிஷப் அமைக்கவில்லை. அமைத்தே ஆக வேண்டுமா என்பது கேள்வி.

தீர்ப்பளித்தவர்களில் ஒருவரான கெய்ர்ன்ஸ் பிரபு சொன்னதன் சாரம் இது. அந்தச் சொற்கள் தம்மளவில் அதிகாரத்தை மட்டுமே தருகின்றன. ஆனால் அந்த அதிகாரம் எதற்காகக் கொடுக்கப்பட்டது, யாருடைய நன்மைக்காக, எந்தச் சூழலில் பயன்படுத்த என்பதைப் பார்க்கும்போது, அதிகாரத்தோடு ஒரு கடமையும் பிணைந்திருக்கக் கூடும். பிணைந்திருந்தால், அந்த நன்மைக்கு உரியவர் வந்து கேட்கும்போது அதிகாரி மறுக்க முடியாது. இந்திய நீதிமன்றங்களும் இந்தக் கோட்பாட்டைத்தான் பின்பற்றுகின்றன. ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேற்கோள் காட்டுகிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள்: அந்த வழக்கில் பிஷப்தான் ஜெயித்தார்.

இப்போது மறுபக்கம். ஷல் என்று போட்டாலே கட்டாயம் என்பதும் கிடையாது. அரசியலமைப்பின் 320ஆம் உறுப்பு அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்துகொள்வது பற்றிச் சொல்லும்போது ஷல் என்கிறது. 1957இல் உத்தரப் பிரதேச அரசு எதிர் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில், கலந்துகொள்ளாததால் மட்டும் நடவடிக்கை செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதைவிடச் சுவையானது எதிர்வாதுரை, அதாவது பிரதிவாதி எழுதித் தரும் பதில், பற்றிய விவகாரம். உரிமையியல் வழக்கில் பிரதிவாதி 30 நாளில் எதிர்வாதுரை தாக்கல் செய்ய வேண்டும், நீட்டித்தாலும் 90 நாளைத் தாண்டக் கூடாது என்று விதி. எல்லாம் ஷல்தான். 2005இல் கைலாஷ் எதிர் நன்ஹ்கு வழக்கில் உச்ச நீதிமன்றம், இது நடைமுறையை ஒழுங்குபடுத்தும் விதி, தகுந்த காரணம் இருந்தால் 90க்குப் பிறகும் ஏற்கலாம் என்றது. ஆனால் வணிக வழக்குகளுக்கு வைத்த 120 நாள் கெடுவை 2019இல் அதே நீதிமன்றம் இறுக்கிப் பிடித்தது. இரண்டிலும் இருப்பது அதே ஷல். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? வணிக வழக்குக்கான விதியில், கெடு தாண்டினால் தாக்கல் செய்யும் உரிமையை இழப்பார், நீதிமன்றம் அதைப் பதிவில் ஏற்கக் கூடாது என்று விளைவையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். மற்றதில் ‘தாண்டினால் என்ன ஆகும்’ என்பதே இல்லை.

அதனால் மாடிப்படி சார், உங்கள் விதியில் மே இருக்கிறதா ஷல் இருக்கிறதா என்பதோடு, செயலாளர் கூட்டாவிட்டால் என்ன என்று அடுத்த வரியில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டவர்களே கூட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறதா?

மாடிப்படி

பார்த்தேன். ஒன்றும் இல்லை. பத்தாவது விதி அந்த ஒரே வாக்கியம்தான்.

சட்டமாணவி

கோட்டு சார் சொன்னதோடு ஒன்று. இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் வரும்போது ஷல்லின் பலமும் மே-யின் பலமும் நன்றாகத் தெரியும். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்கான 379ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஷல் பி பனிஷ்ட்’, அதாவது தண்டித்தே ஆக வேண்டும். சிறை என்றால் ‘மே எக்ஸ்டெண்ட் டு’ மூன்று ஆண்டு. இந்த மே உச்சவரம்பு மட்டும். ஒரு மாதமும் கொடுக்கலாம், சிறையே இல்லாமல் அபராதம் மட்டும்கூட விதிக்கலாம். வரதட்சணை மரணத்துக்கான 304பி-யில் ஷல் இரண்டு இடத்தில் வரும். தண்டிப்பதற்கும் ஷல், ஏழு ஆண்டுக்குக் குறையக் கூடாது என்பதற்கும் ஷல். ஆயுள் வரை போகலாம் என்பதற்கு மட்டும் மே. தரையை ஷல் கட்டுகிறது, கூரையை மே கட்டுகிறது.

1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் ‘மே பிரிசூம்’, ‘ஷல் பிரிசூம்’ என்று தனித்தனி விளக்கமே உண்டு. திருட்டு நடந்த சற்று நேரத்தில் பொருளைக் கையில் வைத்திருப்பவன் திருடன் என்றோ, திருட்டுப்பொருள் எனத் தெரிந்தே வாங்கியவன் என்றோ நீதிமன்றம் ஊகிக்கலாம், ஊகிக்காமலும் இருக்கலாம். இது மே. ‘ஷல் பிரிசூம்’ என்றால் மறுத்து நிரூபிக்கப்படும்வரை ஊகித்தே ஆக வேண்டும். மணமான பெண்ணின் தற்கொலைக்குத் தூண்டியதாகக் கொள்ளும் 113ஏ-யில் மே, வரதட்சணை மரணத்துக்கான 113பி-யில் ஷல். பக்கத்துப் பக்கத்துப் பிரிவு, ஒரு சொல்தான் மாறுகிறது, நிரூபிக்கும் சுமை ஆளை மாற்றிவிடுகிறது. 2023இல் சட்டங்களின் பெயரும் பிரிவு எண்களும் மாறியும் இந்தச் சொற்கள் மாறவில்லை.

குண்டூசி

அப்படியானால் நான் சொன்னது சரிதானே? ஒரே ஆவணத்தில் எட்டாவது விதியில் ஷல், பத்தாவது விதியில் மே. எழுதியவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது. வேண்டுமென்றேதான் மே போட்டிருக்கிறார்.

கறுப்புக்கோட்டு

நல்ல வாதம், நான் செயலாளர் தரப்பில் ஆஜரானால் இதைத்தான் முதலில் வைப்பேன். உறுப்பினர் தரப்பில் ஆஜரானால் என்ன சொல்வேன் தெரியுமா? எட்டாவது விதியில் கடமை நாட்காட்டியிலிருந்து வருகிறது; வருடம் முடிந்தால் கூட்ட வேண்டும், அதனால் ஷல். பத்தாவதில் உறுப்பினர் கேட்கும்வரை கூட்டும் அதிகாரமே எழவில்லை, அதனால் மே. ஐந்தில் ஒரு பங்கு என்று எண்ணிக்கை வைத்ததே உறுப்பினர்களுக்காக. 19 பேர் கையெழுத்து வாங்கிவந்தும் ‘இஷ்டம்’ என்றால் அந்த எண்ணிக்கைக்கு என்ன வேலை? ஒரே ஒருவர் கேட்டாலும் இஷ்டம், 80 பேர் கேட்டாலும் இஷ்டம் என்று ஆகிவிடுமே. என் மனசு இந்தப் பக்கம்தான் சாய்கிறது.

நிரலி

மென்பொருள் துறையிலிருந்து ஒரு எட்டிப் பார்வை. எங்களுக்கு இந்தச் சண்டையே வரக்கூடாது என்று 1997இல் ஒரு ஆவணம் போட்டார்கள். இணைய நெறிமுறைகள் எழுதுபவர்கள் எல்லாரும் ‘ஆர்எஃப்சி 2119’ என்று சொல்வோம். அதில் மஸ்ட்டும் ஷல்லும் ஒரே பொருள்: விதிவிலக்கே இல்லாத கட்டாயம். ஷுட் என்றால், மீறலாம், ஆனால் விளைவைத் தெரிந்துகொண்டு மீறு. மே என்றால் முழுக்க உன் விருப்பம். ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் ஆவணங்களிலும் ஷல் என்றால் தேவை, ஷுட் என்றால் பரிந்துரை, மே என்றால் அனுமதி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அதில் பிடித்தது மே-க்குக் கொடுத்த விளக்கத்தின் பின்பாதி. ஒரு வசதியைச் செய்யாமல் விட்ட மென்பொருள், அதைச் செய்திருக்கும் இன்னொரு மென்பொருளோடு சேர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்க ‘மஸ்ட்’. ஒருத்தருக்கு மே கொடுத்தால் எதிரில் இருப்பவருக்கு ஒரு மஸ்ட் பிறந்துவிடுகிறது. பிஷப் வழக்கைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. உங்கள் விதியில் உறுப்பினருக்கு ‘கேட்கலாம்’ என்று ஒரு மே ஒளிந்திருக்கிறது இல்லையா? அதற்கு எதிரில் யாருடைய மஸ்ட்?

இலக்கணப்பித்தன்

நிரலி அம்மா, உங்கள் துறை கொடுத்துவைத்தது. சட்டக்காரர்கள் படும் பாட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளை எளிய நடையில் திருத்தி 2007இல் வெளியிட்டார்கள். ஷல் குழப்பமான சொல் என்று அதைக் கிட்டத்தட்ட ஒழித்தே விட்டார்கள். பெரும்பாலான இடங்களில் மஸ்ட் வந்தது. விசாரணைக்குப் போகாமலே தீர்ப்பளிப்பது பற்றிய 56ஆம் விதியில் மட்டும் ஷுட் போட்டார்கள். பெரிய விவாதம். கடைசியில் 2010இல் அந்த இடத்துக்கு ஷல்லையே திரும்பக் கூட்டி வந்தார்கள்! எந்தச் சொல் போட்டாலும் பொருள் நகர்ந்துவிடும், பழையதே இருக்கட்டும் என்று. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பு துணிந்து மஸ்ட் பக்கம் போய்விட்டது. நம்மூரில் ஷல்லை அசைக்க ஆளில்லை.

பழைய_தாள்

இவ்வளவு பேசியும் தமிழ்நாட்டையே கொந்தளிக்க வைத்த மே-யைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே!

அரசியலமைப்பின் 343ஆம் உறுப்பை எடுங்கள். ஒன்றாவது உட்பிரிவு: ஒன்றியத்தின் ஆட்சிமொழி இந்தி, ஷல். இரண்டாவது: பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படும், அதுவும் ஷல். மூன்றாவது: அதற்குப் பிறகும் ஆங்கிலத்தைப் பயன்படுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, மே. பதினைந்து ஆண்டு முடியும் நாள் 1965 ஜனவரி 26.

அந்த மே-யை வைத்து 1963இல் ஆட்சிமொழிச் சட்ட மசோதா வந்தது. உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. மூன்றாவது பிரிவு என்ன சொன்னது? அந்த நாளுக்குப் பிறகு இந்தியோடு கூட ஆங்கிலமும் ‘மே கன்டின்யூ டு பி யூஸ்ட்’. பதினைந்து ஆண்டுக்கு ஷல்லாக இருந்த ஆங்கிலம் மே-க்கு இறங்கிவிட்டது! இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று நேரு 1959இலேயே வாய்மொழியாக உறுதி தந்திருந்தார். அந்த உறுதி எழுத்தில் வரும்போது மே ஆகிவிட்டது. அண்ணா அப்போது மாநிலங்களவை உறுப்பினர். இன்றைக்கு மே என்றால் நாளைக்கு வருபவன் ‘மே நாட்’ என்று படிப்பான் என்பதுதான் எதிர்ப்பாளர்களின் பயம். செவ்வந்தி சொன்ன அதே பொல்லாத சேர்க்கை. நேரு, இந்த இடத்தில் மே என்றால் ஷல் என்றே பொருள் என்றார். அப்படியென்றால் ஷல் என்றே போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்டார்கள். போடவில்லை. மசோதா மே-யோடு நிறைவேறியது.

1964 மே மாதம் நேரு காலமானார். வாக்குக் கொடுத்தவர் போய்விட்டார், சொல் மட்டும் சட்டத்தில் நிற்கிறது. 1965 ஜனவரியில் நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், தீக்குளித்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது. பிரதமராகிவிட்ட சாஸ்திரி பிப்ரவரியில் வானொலியில் பேசி நேருவின் உறுதியைத் திரும்பச் சொன்னார். சட்டத் திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1967 டிசம்பரில்தான்.

அந்தத் திருத்தத்தை ஊன்றிப் பார்த்தால் ஒரு வேடிக்கை. மூன்றாவது பிரிவின் முதல் வரியில் இருக்கும் மே இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதைத் தொடவில்லை. சுற்றிலும் ஷல்களை நட்டு வேலி போட்டார்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றியம் தொடர்புகொள்ள ஆங்கிலம் ‘ஷல் பி யூஸ்ட்’. இந்த ஏற்பாடுகள் எதுவரை ‘ஷல் ரிமெயின் இன் ஃபோர்ஸ்’? இந்தியை ஏற்காத எல்லா மாநிலச் சட்டமன்றங்களும் ஆங்கிலம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டு, அதன்பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் போடும்வரை. ஒரு மாநிலம் மறுத்தாலும் நகராது.

வல்வைக்காற்று

பழைய தாள் ஐயா, எங்கட பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. இலங்கையின் 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் மிகச் சிறியது. அதில் சிங்களத்துக்குக் கிடைத்தது ஷல்: இலங்கையின் ஒரே ஆட்சிமொழி சிங்களம். அதற்குக் கீழே ஒரு காப்புரை, அதாவது விதிவிலக்கு. உடனடியாகச் சிங்களத்தில் மட்டும் நடத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அமைச்சர் கருதினால், அதுவரை இருந்த மொழிகளைத் தொடர, மே. அதுவும் 1960 டிசம்பர் 31ஐத் தாண்டக் கூடாது. தமிழின் பெயரே அதில் கிடையாது. அமைச்சர் கருதினால் என்ற ஒரு மே-யின் நிழலில் நின்றது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்த பிறகுதான் ஆட்சிமொழி என்ற ஷல் தமிழுக்குக் கிடைத்தது. அதிலும் ‘ஷல் ஆல்ஸோ பி’, அதாவது ‘தமிழும்’. அந்த ‘உம்’மைப் பற்றித் தனி இழை தொடங்கலாம்.

ஒரு இலக்கண ஐயம். ‘ஆட்சிமொழி ஷல் பி’ என்று வரும்போது யாருக்குக் கட்டளை? மொழிக்கா? பித்தன் ஐயா சொன்ன கடன், கட்டளை எதுவும் இதில் பொருந்தவில்லையே.

இலக்கணப்பித்தன்

சபாஷ். அது ஷல்லின் இன்னொரு வேலை. யாரையும் ஏவவில்லை, சொன்ன மாத்திரத்தில் ஒன்றை உண்டாக்குகிறது. ஆள் எழுவாயாக இருந்து செயல் பயனிலையாக இருந்தால் கட்டளை. பொருளோ பெயரோ எழுவாயாக இருந்து ‘பி’ வந்தால் பெரும்பாலும் அறிவிப்பு. மாடிப்படி, உங்கள் முதல் விதியில் சங்கத்தின் பெயர் ‘ஷல் பி’ என்று இருக்குமே, அதை என்ன செய்தீர்கள்?

மாடிப்படி

‘சங்கத்தின் பெயர் இன்னதாக இருக்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் இனிமேல்தான் பெயர் வைக்கப்போகிறோம் போல இருக்கிறது.

செவ்வந்தி

‘இன்னது ஆகும்’ என்று மாற்றிவிடுங்கள் அண்ணா. தீர்ந்தது.

குண்டூசி

அப்போ ஆளுநர் மசோதாவுக்கு ஒப்புதல் தருவதில் 200ஆம் உறுப்பில் ஷல் இருக்கிறதே, காலக்கெடு பற்றி…

நெறியாளர்

தாராளமாகப் பேசலாம், அரசியல் பகுதியில் தனி இழை தொடங்கி. இங்கே கூடாது.

மாடிப்படி

எல்லாருக்கும் நன்றி. என் நிலைமை இப்போது இது. மொழிபெயர்ப்பில் ‘கூட்டலாம்’ என்றே எழுதப்போகிறேன். மூலத்தில் இல்லாத கட்டாயத்தைத் தமிழில் நான் நுழைத்தால் செயலாளர் என்னைத்தான் பிடிப்பார், நியாயமாகவும் இருக்கும். பொருள் பற்றிய சண்டையைக் கோட்டு சார் சொன்ன வாதத்தோடு தனியாகக் கடிதமாகக் கொடுக்கிறேன்: ஐந்தில் ஒரு பங்கு என்ற எண்ணிக்கைக்கு வேறு என்ன வேலை?

அதோடு வரும் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு திருத்தமும் வைக்கிறோம். அதைக் கூட்டுவது ஷல் என்பதால் தப்பிக்க முடியாது. வரைவு: ‘ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுத்து மூலம் கோரினால், செயலாளர் 15 நாட்களுக்குள் சிறப்புக் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். கூட்டத் தவறினால், கோரிய உறுப்பினர்களே அதைக் கூட்டலாம்.’ ஆங்கிலத்தில் முதலாவது ஷல், இரண்டாவது மே. சரியா?

கறுப்புக்கோட்டு

சரி. அந்த இரண்டாவது மே-க்குப் பின்னால், ‘அப்படிக் கூட்டிய கூட்டத்தின் தீர்மானங்கள் சங்கத்தைக் கட்டுப்படுத்தும்’ என்றும் ஒரு வரி போடுங்கள். இல்லாவிட்டால் கூட்டினீர்கள் சரி, செல்லாது என்பார்.

சட்டமாணவி

15 நாள் எந்த நாளிலிருந்து? கடிதத்தில் தேதி போட்ட நாளா, செயலாளர் கையில் வாங்கிய நாளா? வாங்கவே மாட்டேன் என்றால்? பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்பதையும் சேருங்கள்.

குண்டூசி

அனுப்ப‘லாம்’-ஆ, அனுப்ப ‘வேண்டும்’-ஆ?